ஈர நெல்லும் ஆய்வுக்கூடமும்: காவிரிப் படுகையில் ஆராய்ச்சிக் கூட்டுறவும் உழவர் சொல்லும்

ஆய்வுச் சுருக்கம்

ஓர் ஆராய்ச்சி நிறுவனம் தான் நிற்கும் வட்டாரத்தின் பொருளாதாரத்திற்குத் துணைசெய்யும் முறையை ஆராய்வதற்குத் தஞ்சை மாவட்டத்தின் நெல் பதனிடும் ஆராய்ச்சி தக்க சான்றாகும். 1960-களில் குறுவை அறுவடையில் எழுந்த ஈர நெல் சிக்கலும், அதற்கு விடைதேட 1967-இல் திருவாரூரில் தோன்றிய ஆய்வுக்கூடமும் இக்கட்டுரையின் மையப்பொருள். வினா களத்திலிருந்து எழுந்தமையால் அக்கூட்டுறவு பயன்தந்தது என்பதும், களத்தில் உழைத்தோரும் அவர்தம் மொழியும் அக்கூட்டுறவில் பங்காளியாக இடம்பெறாமையால் அப்பயன் குறைப்பட்டது என்பதும் இங்கு முன்வைக்கப்படுகின்றன. இக்குறையை நீக்குவதில் தமிழாய்வுத் துறைகளுக்குரிய பணியும் சுட்டப்படுகிறது.

திறவுச்சொற்கள்: காவிரிப் படுகை, குறுவை, ஆடுதுறை 27, திருவாரூர் நவீன அரிசி ஆலை, ஈரப்பதம், கூலி நெல், தொழிற்சொல்

முன்னுரை

பல்கலைக்கழகம் வட்டாரப் பொருளாதாரத்திற்குக் கடமைப்பட்டது என்னும் கருத்து சட்டவடிவம் பெற்றதற்கு அமெரிக்காவின் 1862 ஆம் ஆண்டு மொரில் சட்டத்தை எடுத்துக்காட்டாகக் கூறுவர். வேளாண்மையையும் தொழிற்கலையையும் கற்பிக்கும் கல்லூரிகளை நிறுவ மாநிலங்களுக்கு நிலம் வழங்கிய சட்டம் அது. விடுதலைக்குப்பின் இந்தியாவில் தோன்றிய வேளாண் பல்கலைக்கழகங்கள் அம்மாதிரியைத் தழுவின. 1960-இல் பந்த்நகரிலும், 1971-இல் கோயமுத்தூரிலும் அவை உருப்பெற்றன. கோயமுத்தூரில் அமைந்த தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் வெற்றுநிலத்தில் எழுந்ததன்று. வேளாண்மைத் துறை பல்லாண்டுகளாக நடத்திவந்த ஆராய்ச்சி நிலையங்கள் அதன் பொறுப்பில் வந்தன. 1922-இல் தொடங்கப்பட்ட ஆடுதுறை நெல் ஆராய்ச்சி நிலையமும் அவற்றுள் ஒன்று. அந்நிலையம் 1985-இல் தமிழ்நாடு நெல் ஆராய்ச்சி நிறுவனமாக உயர்ந்தது.

ஆடுதுறை என்றதும் நெல் வகைகளையே எண்ணுவது வழக்கம். விதையைக் கண்டறிந்து உழவரிடம் சேர்த்ததும் ஆராய்ச்சியின் கடமை நிறைவுற்றதாகக் கருதும் மனப்பான்மை இன்றும் உண்டு. காவிரிப் படுகையின் அண்மைக்கால வரலாறு இதற்கு மாறான பாடத்தைத் தருகிறது. ஒரு விதையின் வெற்றியே அடுத்த சிக்கலைத் தோற்றுவித்தது. அச்சிக்கலுக்கு வேறு வகையான கூட்டுறவு தேவைப்பட்டது. அதனை வரலாற்று நோக்கிலும் சொல்வழக்கு நோக்கிலும் இணைத்துக் காண்பது இக்கட்டுரையின் அணுகுமுறை. தஞ்சை மாவட்டம் என இங்குக் குறிக்கப்படுவது பிரிக்கப்படாத பழைய மாவட்டமாகும். நாகப்பட்டினம் 1991-லும், திருவாரூர் 1997-லும், மயிலாடுதுறை 2020-லும் தனி மாவட்டங்களாயின.

குறுவையும் ஐப்பசி மழையும்

1934-இல் மேட்டூர் அணை நிறைவுற்றபின் சூன் 12 என்னும் நாள் படுகை உழவரின் நாட்காட்டியில் இடம்பெற்றது. அணை அந்நாளில் திறந்து நீர் உரிய காலத்தில் கடைமடை சேருமாயின் ஆனி, ஆடியில் குறுவை நட்டுப் புரட்டாசி, ஐப்பசியில் அறுக்கலாம். அறுத்த வயலிலேயே தாளடி நடலாம். குறுவை இடாத நிலத்தில் நீண்டகாலப் பயிராகிய சம்பா நின்று தை மாதத்தில் அறுவடையாகும். இம்மூன்று பெயர்களும் பருவத்தையும் பயிரின் வாழ்நாளையும் நிலத்தின் நீர்வளத்தையும் ஒருங்கே உணர்த்தும் சொற்கள். தாளடி என்னும் சொல்லோ முந்தைய பயிரின் அடித்தாளையும் தன்னுள் கொண்டுள்ளது.

1960–61-இல் தீவிர வேளாண் மாவட்டத் திட்டம் தஞ்சைக்கு வந்தது. உழவர் வழக்கில் இது பேக்கேஜ் திட்டம் எனப்பட்டது. போர்டு அறக்கட்டளையின் உதவியுடன் நாட்டின் சில மாவட்டங்களில் மட்டும் விதை, உரம், கடன், அறிவுரை ஆகியவற்றை ஒருசேர வழங்கிய திட்டம் அது. இதே பத்தாண்டின் நடுவில் ஆடுதுறை 27 வெளிவந்தது. ஜப்பானிய நோரின் நெல்லையும், கோயமுத்தூர் நெல் இனவிருத்தி நிலையம் முன்னரே தந்திருந்த ஜி.இ.பி. 24 என்னும் வகையையும் இணைத்துப் பெற்ற கலப்பு இது. ஏறத்தாழ 105 நாளில் முற்றும். உரத்தை ஏற்று விளையும். குறுவைக்கென்றே அமைந்தது போன்ற இவ்வகை சில ஆண்டுகளிலேயே படுகையெங்கும் பரவியது.

மேனி கூடியது. ஆயினும் அறுவடை வடகிழக்குப் பருவமழையின் வாயிலில் வந்து நின்றது. அக்டோபர் மூன்றாம் வாரத்தில் தொடங்கும் மழை சற்றே முந்தினாலும் கதிர் சாயும், போர் நனையும், களத்தில் நெல் சூடுபிடிக்கும், ஈரத்தில் முளைவிடும். முன்னரும் குறுவை நனைந்ததுண்டு. ஆனால் பரப்பும் விளைச்சலும் குறைவாக இருந்த காலத்தில் வீட்டுத் திண்ணையும் தாழ்வாரமும் ஒருவாறு ஈடுகொடுத்தன. ஒரு மாவட்டமே ஒரே வாரத்தில் அறுத்து, தாளடி நடவுக்காக வயலை உடனே காலிசெய்ய வேண்டியபோது திண்ணைகள் போதவில்லை.

இச்சிக்கலின் அளவை ஒரு சிறு கணக்கால் உணரலாம். மழைக்கால அறுவடையில் 24 விழுக்காடு ஈரமுள்ள 100 கிலோ நெல்லில் உலர்பொருள் 76 கிலோ. நெடுநாள் சேமிப்புக்கு உகந்த 14 விழுக்காட்டிற்கு அதனைக் கொணர ஏறத்தாழ 11.6 கிலோ நீர் வெளியேற வேண்டும். வெயிலுள்ள தை மாதத்தில் இவ்வேலையைக் கதிரவன் கூலியின்றிச் செய்துவிடுவான். ஐப்பசியில் அதைச் செய்வார் யார் என்பதே வினா. இவ்வினாவை எழுப்பியது எந்தப் பல்கலைக்கழகத் துறையும் அன்று. நெல்லை வாங்கி ஆலையில் அரைக்கவேண்டிய கூட்டுறவு நிறுவனமே இதனை முதலில் எதிர்கொண்டது.

திருவாரூர் ஆய்வுக்கூடம்

தொகுப்புத் திட்ட மாவட்டங்களில் 1960-களில் நிறுவப்பட்ட நவீன அரிசி ஆலைகளுள் ஒன்று திருவாரூரில் தஞ்சாவூர்க் கூட்டுறவு விற்பனை இணையத்தின் பொறுப்பில் அமைந்தது. உமி நீக்கும் ரப்பர் உருளைகள், உலர்த்திகள், கொதிகலன் ஆகியவை கொண்ட ஆலை அது. எந்திரங்கள் வந்தன. ஆனால் அவற்றின்முன் வந்து குவிந்த நெல் ஏட்டில் எழுதிய நெல்லாக இல்லை. நனைந்தும், முளைத்தும், பழுத்து மஞ்சள் நிறமேறியும் வந்த அந்நெல்லை என்செய்வது என்னும் நெருக்கடியில், ஆலை வளாகத்திலேயே 1967-இல் ஓர் ஆய்வுக்கூடம் தோன்றியது. மைசூரிலுள்ள மைய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிலையத்தின் முதல் இயக்குநராக இருந்த வி. சுப்ரமணியன் ஓய்வுக்குப்பின் இப்பணிக்கு வழிகாட்டினார். தேசிய ஆய்வு நிலையம் ஒன்றைக் கட்டியெழுப்பிய ஒருவர் ஒரு கூட்டுறவு ஆலையின் முற்றத்தில் வந்து ஆய்வுசெய்தது நம் ஆராய்ச்சி வரலாற்றில் மிகுதியாகப் பேசப்படாத நிகழ்வு.

இக்கூடத்தின் பணிகளுள் இரண்டை இங்கு விரித்துக் காணலாம். முதலாவது, ஈர நெல்லைச் சில நாளேனும் கெடாமல் நிறுத்தும் முறை. உலர்ந்த உமித்தூளையும் சமையல் உப்பையும் ஈர நெல்லுடன் கலந்துவைத்தல் என்பது அதன் சாரம். உமித்தூள் நெல்லின் புறஈரத்தை உறிஞ்சும். உப்பு நீரை ஈர்ப்பதோடு பூஞ்சையையும் தடுக்கும். பின்னர்ச் சலித்து நீக்கிவிடலாம். இம்முறை முழுமையான உலர்த்தலாகாது. மழை விடும்வரை, அல்லது உலர்த்திக்கு முறை வரும்வரை கால அவகாசம் வாங்கித் தருவதே இதன் பயன். ஆயினும் இதில் உள்ள பொருள்கள் யாவை என்பதை எண்ணுக. உமி படுகையின் ஒவ்வோர் ஆலையிலும் குன்றாகக் கிடப்பது. உப்பு வேதாரணியத்திலிருந்து வருவது. இறக்குமதி வேதிப்பொருளோ அயல்நாட்டு எந்திரமோ இல்லாமல், அவ்வட்டாரத்தில் கிடைப்பதைக்கொண்டே வட்டாரத்தின் இடருக்கு விடைகாணும் போக்கு இதில் தெரிகிறது.

இரண்டாவது, புழுக்கல் முறையில் செய்த மாற்றம். தஞ்சையில் புழுங்கலரிசியே பெருவழக்கு. மரபான முறையில் நெல்லைத் தொட்டியில் ஒன்று முதல் மூன்று நாள் ஊறவைத்து, ஆவியில் அவித்து, களத்தில் உலர்த்துவர். நீண்ட ஊறலில் நெல் புளித்து அரிசியில் ஒரு நாற்றம் ஏறும். மைசூர் நிலையம் 65 முதல் 70 பாகை செல்சியசு வெந்நீரில் மூன்று நான்கு மணி நேரம் ஊறவைக்கும் முறையைத் தந்து அந்நாற்றத்தை நீக்கியது. திருவாரூர்க் கூடம் மேலும் ஓர் அடி சென்று, மிகக் குறுகிய நேரம் ஊறவைத்து அழுத்த ஆவியில் அவிக்கும் முறையை உருவாக்கியது. நாள் கணக்கு நிமிடக் கணக்காகியது. அவிக்கும்போது மாவுச்சத்து இளகி இறுகுவதால் முளைத்த நெல்லின் வெடிப்பு ஓரளவு ஒட்டிக்கொள்ளும், நொய் குறையும், தவிட்டிலுள்ள உயிர்ச்சத்தில் ஒரு பகுதி அரிசிக்குள் இறங்கும். இவற்றினும் கருதத்தக்கது ஒன்றுண்டு. நனைந்த நெல்லை அரும்பாடுபட்டு உலர்த்தி, பின் ஆலையில் மீண்டும் நீரில் ஊறவைப்பது இரட்டைச் செலவு. புழுங்கலரிசி உண்ணும் மாவட்டத்தில் ஈர நெல்லை ஈரமாகவே அவியலுக்குக் கொண்டுசெல்லும் வாய்ப்பு உண்டு என்பதை உணர்வதற்குப் பொறியியல் அறிவு மட்டும் போதாது; அவ்வூர்ச் சமையலறை அறிவும் வேண்டும்.

இக்கூடம் பின்னர் நெல் பதனிடும் ஆராய்ச்சி மையமாகி நடுவண் அரசின் பொறுப்புக்குச் சென்றது. 1984-இல் தஞ்சாவூருக்கு இடம்பெயர்ந்தது. இந்தியப் பயிர்ப் பதன்செய் தொழில்நுட்பக் கழகம் என்றும், 2017-இல் இந்திய உணவுப் பதன்செய் தொழில்நுட்பக் கழகம் என்றும் பெயர் மாறியது. 2021-இல் நாடாளுமன்றச் சட்டத்தால் தேசிய முக்கியத்துவம் வாய்ந்த கல்வி நிறுவனமாயிற்று. வளர்ச்சி பெருமைக்குரியதே. எனினும் ஒவ்வொரு பெயர்மாற்றத்திலும் ஒரு சொல் விடுபட்டதையும் நோக்கவேண்டும். நெல் பயிராகி, பயிர் உணவாகி விரிந்தது. திருவாரூரில் ஆலைக்கும் ஆய்வுக்கும் நடுவே ஒரு முற்றமே இருந்தது. தஞ்சாவூர் வளாகத்திற்கும் கடைமடைக் களத்திற்கும் இடையே உள்ள தொலைவு பல கல்.

அளவையும் நம்பிக்கையும்

அறிவியல் பொருளாதாரத்திற்குத் தரும் கொடைகளுள் பெரும்பாலோர் கருதாதது அளவைக் கருவியாகும். 1890-இல் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தின் வேதியியலறிஞர் ஸ்டீபன் பாப்காக் பாலிலுள்ள கொழுப்பை எளிதில் அளக்கும் சோதனையைக் கண்டறிந்தார். அதுவரை எடைக்கே விலை என்பதால் தண்ணீர் கலந்தவரும் ஏடெடுத்தவரும் ஆதாயம் பெற்றனர். சோதனை வந்தபின் நல்ல பாலுக்கு நல்ல விலை கிடைத்தது. பாப்காக் அதற்குக் காப்புரிமை கோரவில்லை என்பதும், சிற்றூர்ப் பாலேடு நிலையத்தில் எவரும் செய்துபார்க்கக்கூடியதாய் அது இருந்தது என்பதும் அதன் பரவலுக்குக் காரணங்கள்.

தஞ்சைக்கு இச்செய்தி புதிதன்று. இராசராசன் எடுப்பித்த பெருவுடையார் கோயில் கல்வெட்டுகள், ஊர்கள் கோயிலுக்கு அளக்கவேண்டிய நெல்லை ஆடவல்லான் என்னும் மரக்காலால் அளக்கவேண்டும் எனக் குறிக்கின்றன. அம்மரக்கால் இராசகேசரி என்னும் மரக்காலுக்கு ஒத்தது என்பதும் கல்வெட்டுவழி அறியப்படுகிறது. அளவைக்குப் பெயரிட்டு, அதனை மற்றோர் அளவையோடு ஒப்புநோக்கிக் கல்லில் வெட்டிவைத்தது கொடுப்போர், கொள்வோர் ஆகிய இருவருக்கும் பொதுச்சான்றாக நின்றது.

இன்று படுகையில் அவ்விடத்தில் இருப்பது ஈரப்பதமானி. 1972-இல் தோன்றிய தமிழ்நாடு நுகர்பொருள் வாணிபக் கழகம் நடத்தும் நேரடி நெல் கொள்முதல் நிலையங்களில் 17 விழுக்காடு ஈரப்பதமே வழக்கமான வரம்பு. மழை மிகுந்த பருவங்களில் மாநில அரசு தளர்வு கோருவதும், நடுவண் குழுவினர் வந்து மாதிரி எடுப்பதும், ஆணை வரும்வரை நெல் சாலையோரத்தில் காத்துக்கிடப்பதும் செய்தித்தாள் படிப்போர் அறிந்தவை. மேற்காட்டிய கணக்கின்படி 24 விழுக்காட்டு நெல்லை 17-க்குக் கொணர 100 கிலோவுக்கு 8.4 கிலோ நீர் போகவேண்டும். சாலையில் பரப்பிக் கிளறும் உழவர் செய்வது அதுவே. அறுவடை எந்திரம் வந்தபின் இந்நெருக்கடி கூடியுள்ளது. முன்பு அரிந்து, கட்டி, போரிட்டு, அடிக்கும் நாள்களில் நெல் தானே சற்று உலர்ந்தது. எந்திரம் ஒரு மணியில் அறுத்துக் கொட்டுவது பச்சை நெல்லை.

உழவர் நெல்லைப் பல்லில் கடித்துப் பார்ப்பர். கையில் அள்ளி ஒலியைக் கேட்பர். நன்கு உலர்ந்ததை நல்ல காய்ச்சல் என்பர். கருவி எண் சொல்கிறது, கை பதம் சொல்கிறது. இரண்டும் முரண்படும்போது எது நெல்லின் விலையை முடிவுசெய்கிறது என்பதே உழவர்க்குரிய வினா. பாப்காக்கின் சோதனையை உற்பத்தியாளரும் தாமே செய்து பார்த்துக்கொள்ள முடிந்தது. ஈரப்பதமானியோ பெரும்பாலும் வாங்குவோர் கையில் மட்டும் இருக்கிறது. ஆய்வு நிறுவனங்கள் உள்ளூர்ப் பொருளாதாரத்திற்குச் செய்யக்கூடிய மிக மலிவான உதவி, சோதித்துச் சரிபார்த்த கருவியை உழவர் குழுக்களின் கையிலும் தருவதும், கருவியின் எண்ணுக்கும் கையின் பதத்திற்கும் உள்ள பொருத்தத்தை அவர்களோடு சேர்ந்து வரையறுப்பதும் ஆகும் எனக் கருத இடமுண்டு.

களத்தில் நின்றவர்

இதுகாறும் உழவர் என்னும் சொல் பொதுப்பட ஆளப்பட்டது. தஞ்சையைப் பொறுத்தவரை அப்பொதுமை உண்மையை மறைக்கும். நிலவுடைமையாளர், குத்தகையாளர், பண்ணையாள், நாட்கூலி என்னும் படிநிலை இங்குக் கூர்மையானது. 1952 ஆம் ஆண்டின் தஞ்சாவூர்க் குத்தகைதாரர் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் அப்போராட்ட வரலாற்றின் ஒரு கட்டம். ஆடுதுறை 27-உம் பேக்கேஜ் திட்டமும் விளைச்சலைக் கூட்டிய ஆண்டுகளிலேயே கூலி நெல்லை உயர்த்தக் கோரும் போராட்டம் கீழ்த்தஞ்சையில் முற்றியது. திருவாரூர் ஆய்வுக்கூடம் தொடங்கிய அடுத்த ஆண்டில், 1968 திசம்பர் 25 இரவு, கீழ்வெண்மணியில் 44 தாழ்த்தப்பட்ட வேளாண் தொழிலாளர் குடும்பத்தினர் குடிசைக்குள் எரித்துக் கொல்லப்பட்டனர். தமிழ்நாடு வேளாண் தொழிலாளர் நியாயக் கூலிச் சட்டம் 1969-இல் வந்தது. இந்திரா பார்த்தசாரதியின் குருதிப்புனல் நாவலால் தமிழிலக்கிய வாசகர் அறிந்த நிகழ்வு இது. பசுமைப் புரட்சியின் வேளாண் வரலாற்று நூலையும் அந்நாவலையும் ஒரே மேசையில் வைத்துப் படிக்கும் பழக்கம் நம் ஆய்வுலகில் இன்னும் போதிய அளவு வளரவில்லை.

ஈர நெல் சிக்கலும் இப்படிநிலைக்கு வெளியே நிற்கவில்லை. அறுவடைக் கூலி களத்திலேயே நெல்லாக அளக்கப்பட்டது. ஐப்பசியில் நனைந்த நெல்லை அளந்தால் கூலியும் நனைந்த நெல்லே. நிலவுடைமையாளருக்குத் தளம்போட்ட களம் உண்டு, பத்தாயம் உண்டு, ஆலைக்கு வண்டி உண்டு. குடிசைவாசிக்கு அவை எவையும் இல்லை. ஒரே மழையின் இழப்பு மரக்கால் குறைந்தவரிடமே விகித அளவில் மிகுதியாக இருந்திருக்கும் என ஊகிக்கலாம். உப்பும் உமித்தூளும் கலக்கும் முறை இவர்களுக்கே மிகவும் பொருந்தியது. ஆயினும் கூட்டுறவின் உறுப்பினர் நெல்லை விற்போர். கூலி நெல்லை உண்போர் அல்லர். ஆய்வுக்கூடத்திற்கு வினாவைக் கொண்டுவந்த வாயில் எதுவோ, விடையும் பெரிதும் அவ்வாயில் வழியே திரும்பிச் செல்லும்.

மகளிர் நிலையும் இதனோடு எண்ணத்தக்கது. நெல் குத்துதல், அவித்தல், புடைத்தல் ஆகியன வீட்டிலும் கூலிக்கும் பெண்கள் செய்த தொழில்கள். எந்திர ஆலைகள் பரவியபோது உலக்கை ஓய்ந்தது. உடலுழைப்பு குறைந்தது நன்மையே. அதனோடு ஒரு வருவாயும், ஊறலின் பதத்தையும் அவியலின் பதத்தையும் மணத்தால் அறிந்த ஒரு தேர்ச்சியும் மறைந்தன. வருவாய் மறைந்ததைப் பொருளியலார் கணக்கிடக்கூடும். தேர்ச்சி மறைந்ததைச் சொற்கள் மறைவதிலிருந்தே அறியமுடியும்.

விதையின் மறுபயணம்

ஆய்வகத்திலிருந்து வயலுக்கு என்னும் ஒருவழிப் போக்குக்கு எதிர்த்திசையில் நிகழ்ந்த முயற்சி ஒன்று திருத்துறைப்பூண்டி அருகிலுள்ள ஆதிரெங்கத்தில் உருவானது. நெல் செயராமன் அங்கு 2006 முதல் ஆண்டுதோறும் நெல் திருவிழா நடத்தி மரபு நெல் வகைகளை உழவரிடையே பரப்பினார். இரண்டு கிலோ விதை பெறுவோர் அடுத்த ஆண்டு நான்கு கிலோவாகத் திருப்பித் தருதல் என்னும் எளிய ஒப்பந்தமே அதன் பொருளியல் அடிப்படை. காட்டுயானம், மாப்பிள்ளைச் சம்பா, பூங்கார், குள்ளக்கார், கறுப்புக் கவுனி முதலிய பெயர்கள் நகர அங்காடிகளிலும் புழங்குவதற்கு இம்முயற்சி ஒரு முதற்காரணம். அவர் 2018 திசம்பரில் மறைந்தார். பின்னர் மாநில அரசு அவர் பெயரிலேயே மரபுசார் நெல் பாதுகாப்பு இயக்கத்தைத் தொடங்கியது.

முக்கூடற்பள்ளு முதலிய பள்ளு நூல்கள் நெல் வகைகளை நிரல்படத் தருவதைத் தமிழாய்வாளர் நன்கறிவர். அப்பட்டியல்கள் பெரும்பாலும் சொல்வளத்திற்குச் சான்றாகவே பயிற்றப்படுகின்றன. அப்பெயர்களுள் எவை இன்றும் வயலில் உள்ளன, ஒரே பெயர் வெவ்வேறு ஊர்களில் வெவ்வேறு நெல்லைக் குறிக்கிறதா, ஒரே நெல்லுக்கு எத்தனை பெயர் என்னும் வினாக்கள் இன்று விலைமதிப்புடையவை. மரபு நெல்லுக்குக் கூடுதல் விலை கொடுப்பவர் பெயரை நம்பியே கொடுக்கிறார். பெயர் பிறழ்ந்தால் வணிகம் பிறழும். ஆடுதுறையின் பயிரியலாரும் பள்ளு கற்ற தமிழாய்வாளரும் சேர்ந்தாலன்றி இவ்வினாக்களுக்கு முழுவிடை கிட்டாது. பெயர் ஒருபுறமிருக்க, இந்நெல்லை அரைப்பதும் எளிதன்று. பெரிய ஆலைகள் ஒரே வகை நெல்லைப் பேரளவில் எதிர்பார்ப்பவை. சில மூட்டை பூங்காரை வேறொன்றோடு கலவாமல் அவித்து அரைத்துத் தரும் சிற்றாலையே படுகை உழவரின் இன்றைய தேவை. திருவாரூர்க் கூடத்தின் வழிவந்த நிறுவனத்திற்கு இது தொடக்ககால வினாவின் மறுவடிவம்.

சொல்லும் ஆராய்ச்சியின் பங்காளி

மடகாசுகரில் தோன்றிய ஒரு நெல் சாகுபடி முறையைத் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் 2000-ஐ ஒட்டிய ஆண்டுகளில் ஆய்ந்து பரப்பியது. இளநாற்றை ஒற்றையாக, அகல இடைவெளியில் நட்டு, நீரைத் தேக்காமல் விட்டுவிட்டுப் பாய்ச்சுவது அதன் இயல்பு. இம்முறை தமிழில் திருந்திய நெல் சாகுபடி, செம்மை நெல் சாகுபடி எனப் பெயர்கள் பெற்றது. உழவர் பலர் ஒற்றை நாற்று என்றனர். இப்பெயர்களை ஒப்பிட்டால் ஒரு செய்தி புலப்படும். திருந்திய என்பது இதுவரை செய்தது திருந்தாதது எனக் குறிப்பால் உணர்த்துகிறது. ஒற்றை நாற்று என்பதோ செய்யவேண்டியதைச் சொல்கிறது. நீர்ப் பாய்ச்சலுக்கு மட்டும் காய்ச்சலும் பாய்ச்சலும் என்னும் பழந்தொடரை வல்லுநர்களும் ஏற்றுக்கொண்டனர். வயலைச் சற்றுக் காயவிட்டுப் பின் பாய்ச்சுவது என்னும் கருத்தை அத்தொடர் விளக்கம் வேண்டாமலே உழவரிடம் கொண்டுசென்றது.

பதனிடும் துறையில் இத்தகைய பேறு குறைவு. காய்ச்சல், பதம், ஊறல், அவியல், ஒருபுழுக்கல், இருபுழுக்கல், நொய், குருணை, பதர், கருக்காய், கண்டுமுதல் எனச் செறிந்த சொற்றொகுதி படுகையில் உண்டு. இவற்றுள் கருக்காய் அரைகுறையாய் மணிபிடித்த நெல். பதர் மணியே பிடியாதது. கொள்முதல் நிலையத்தின் தரவரையறையில் இவ்வேறுபாடு விலையை மாற்றக்கூடியது. ஆனால் நிலையத்தில் ஒலிக்கும் சொல் மாய்ச்சர். தமிழில் ஈரப்பதம் என்னும் நல்ல சொல் இருந்தும், எண்ணோடு வந்த ஆங்கிலச் சொல்லே உழவர் வாயில் நிலைத்துவிட்டது. சொல் அயலானது என்பதன்று இங்குள்ள குறை. ஏற்பதும் தள்ளுவதும் அச்சொல்லால் முடிவாகின்றன. அச்சொல்லுக்குரிய கருவியும் கணக்கும் உழவர் கைக்கு வரவில்லை என்பதே குறை.

தமிழ்ப் பல்கலைக்கழகம் 1981-இல் தஞ்சாவூரில் நிறுவப்பட்டது. அது வெளியிட்ட அறிவியல் களஞ்சியமும் வாழ்வியற் களஞ்சியமும் தமிழில் அறிவியலைக் கொணர்ந்த பெரும்பணிகள். அவற்றின் திசை பெரிதும் உலக அறிவைத் தமிழாக்கும் திசை. களத்துத் தமிழை ஆய்வகத்திற்குக் கொண்டுசெல்லும் திசைக்கு முன்மாதிரி தெலுங்கில் உள்ளது. பத்ரிராசு கிருட்டிணமூர்த்தி தொகுத்த வட்டாரத் தொழிற்சொல் அகராதியின் முதல் தொகுதி வேளாண்மைக்குரியது; 1962-இல் வெளிவந்தது. அடுத்த தொகுதி கைத்தறிக்குரியது. தொழில்வாரியாக, வட்டாரவாரியாகச் சொல்லைத் திரட்டிய பணி அது. தமிழில் கி. இராசநாராயணனின் கரிசல் வட்டார வழக்குச் சொல்லகராதியும் (1982), பெருமாள்முருகனின் கொங்கு வட்டாரச் சொல்லகராதியும் (2000) எழுத்தாளர்தம் தனி உழைப்பில் உருவானவை. நிறுவனத்தின் துணையுடன் தொழில்முறையில் திரட்டுவது வேறு வகைப் பணி.

அத்தகைய பணியைக் காவிரிப் படுகையில் மேற்கொள்வதாயின் அது நெல் பதனிடுதலில் தொடங்குவதே பொருத்தம். அறுவடைக்குப் பிந்தைய ஒவ்வொரு படிநிலைக்கும் உரிய சொல்லையும், அச்சொல் குறிக்கும் பதத்தின் அளவையும் ஒரே பதிவில் சேர்க்கவேண்டும். நல்ல காய்ச்சல் என ஒரு மூதாட்டி கூறும் நெல்லை அந்நேரத்திலேயே கருவியில் இட்டு எண்ணைக் குறித்துக்கொள்வது அரிய செயலன்று. பல ஊர்களில், குறுவையிலும் தாளடியிலும், பல கைகளின் தீர்ப்பை அவ்வாறு குறித்துத் தொகுத்தால், சொல்லகராதியாகவும் அளவை அட்டவணையாகவும் ஒருங்கே பயன்படும் நூல் கிடைக்கும். நெல்லளக்கும் மகளிர், அவியல் தொட்டிப் பணியாளர், கொள்முதல் நிலையச் சுமைதூக்குவோர் ஆகியோரே அதன் தகவலாளிகள். தகவல் தந்தோரின் பங்களிப்பு நூலில் பதிவாவதும், அட்டவணை முதலில் அவர்தம் ஊர்களுக்குச் சேர்வதும் அத்திட்டத்தின் தொடக்க விதிகளாக எழுதப்படவேண்டியவை. சொல் திரட்டும் பயிற்சி தமிழ்த்துறை ஆய்வாளரிடம் உண்டு. கருவியும் வேதியியலும் பதன்செய் நிறுவனத்திடம் உண்டு. விதை பற்றிய அறிவு ஆடுதுறையில் உண்டு. இம்மூன்றும் ஒரே மாவட்டத்தில், சில மணிநேரப் பேருந்துப் பயணத்திற்குள் அமைந்துள்ளன. குறுவை அறுவடை தொடங்கும் புரட்டாசியே களப்பணிக்கு உரிய மாதம்.